என்பிடி-சர்வர் மாற்றியதும் டிஸ்க் இல்லாத கணினிகள் பூட் ஆகவில்லை, உதவுங்க

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பேட்டர்ன் பிரிவில் ஹார்ட் டிஸ்க் இல்லாத 12 கணினிகள் நெட்வொர்க்கில் பூட் ஆகி, என்பிடி (நெட்வொர்க்கில் டிஸ்கைப் பகிரும் முறை) வழியாக சர்வரின் டிஸ்கையே தங்கள் டிஸ்காக எடுத்துக்கொள்ளும். நேற்று சர்வரைப் புதுப்பித்ததிலிருந்து ஒன்றும் எழவில்லை. திரையில் 'நெகோஷியேஷன்:' என்று வந்து அப்படியே நிற்கிறது.

தேடியதில் காரணம் பிடிபட்டது. என்பிடி-சர்வரின் 3.10 பதிப்போடு பழைய கைகுலுக்கல் முறையை (இணையும்போது சர்வரும் கிளையன்ட்டும் முதலில் பேசிக்கொள்ளும் விதம்) எடுத்துவிட்டார்கள். முன்பு டிஸ்குக்கு ஒரு போர்ட் என்று கொடுத்தால் போதும், பெயர் வேண்டாம். இப்போது எல்லாம் 10809-இல்தான், கிளையன்ட் எக்ஸ்போர்ட்டின் (சர்வர் பகிரும் டிஸ்கின்) பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். சர்வர் கான்ஃபிக்கில் பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் கணினிகளின் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சின்ன ஃபைல் தொகுப்பு) இருப்பது பழைய கிளையன்ட், அதற்குப் பெயர் சொல்லத் தெரியாது.

புது இமேஜ் கட்ட நாளாகும். ஷிப்மென்ட் நெருங்குகிறது, பேட்டர்ன் அக்காக்கள் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. என்பிடிகிட் என்ற இன்னொரு என்பிடி சர்வர் மென்பொருளில் பழைய முறைக்கென்றே ஓர் ஆப்ஷன் உண்டு. அதைத் தற்காலிகமாகப் பழைய போர்ட்டில் ஓட்டிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? ஒரே இமேஜை 12 கணினிகளும் படிக்க மட்டும் செய்யும், எழுதாது. அப்புறம், பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் பிரித்து கிளையன்ட்டை மட்டும் மாற்றியவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்குமுங்க.