அப்சலோமை ஆரம்பத்திலேயே அடையாளம் காண்பது எப்படி? ஆலோசனை தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாட வகுப்பில் நல்ல தலைவர், கெட்ட தலைவர் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

1 தீமோத்தேயு 3-ல் கண்காணிக்குரிய (சபையை நடத்துகிறவருக்குரிய) தகுதிகள் தெளிவாகவே இருக்கின்றன. 3 யோவானில் வரும் தியோத்திரேப்புவையும் எளிதில் காட்டிவிடலாம். முதன்மை வேண்டும் என்பதற்காகச் சபையாரையே புறம்பே தள்ளினவன்.

எனக்குச் சிக்கல், தன் தகப்பனாகிய தாவீது ராஜாவுக்கு விரோதமாகக் கலகம் செய்த அப்சலோம்தான். 2 சாமுவேல் 15-ல் அவன் விடியற்காலமே வாசலருகே நிற்கிறான். ராஜாவிடம் வழக்கோடு வருகிறவனைக் கூப்பிட்டு எந்த ஊர் என்று விசாரிக்கிறான், உன் பக்கம்தான் நியாயம் என்கிறான், வணங்க வந்தவனைப் பிடித்து முத்தமிடுகிறான். பார்க்கிறவர்களுக்கு ராஜாவைவிட இவனே நல்ல மேய்ப்பனாகத் தெரிவான். கனிகளால் அறிவீர்கள் என்றார் இயேசு. ஆனால் கனி தெரிவதற்குள் சபை உடைந்துபோனால்?

இஸ்ரவேலை நடத்திய தீர்க்கதரிசி சாமுவேலோ முதிர்வயதில் ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார். கணக்குக் கேட்க இடம்கொடுப்பதே முக்கிய அடையாளம் என்று நினைக்கிறேன். (அவருடைய பிள்ளைகள் பரிதானம் வாங்கியதையும் வகுப்பில் மறைக்கக் கூடாது.)

போதகர்கள், மூப்பர்கள், அனுபவமுள்ள சகோதர சகோதரிகள் தயவுசெய்து சொல்லுங்கள்: ஆரம்பத்திலேயே எதைக் கவனிப்பீர்கள்? வேறு எந்த வேதபகுதி உதவும்? எல்லாத் தலைவர்களிடமும் குற்றம் தேடும் மனம் வாலிபருக்கு வந்துவிடாமல் இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?