புதுப்பிப்பு: வீட்டோடு கிறிஸ்துமஸ்

இந்த வருடம் பயணம் வேண்டாம், விருந்தினர் வேண்டாம், நாங்கள் மட்டும் வீட்டிலேயே இருக்கப்போகிறோம் என்று டிசம்பர் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். "பிள்ளைகளுக்குப் போரடிக்காதா?" என்று சிலர் கேட்டீர்கள். ஆரம்பத்தில் அடித்தது. அப்புறம் மேசையில் ஆயிரம் துண்டு ஜிக்சா ஒன்றைப் பரப்பினோம். பாதிப் படம் வெறும் வானம், எல்லாத் துண்டும் ஒரே நீலம். சின்னவள் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. விளிம்பை விரலால் தடவிப் பார்த்து எடுக்கிறாள், பொருந்திவிடுகிறது! போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போகிறோம், பேச்சும் அங்கேதான். மேசை பறிபோனதால் சாப்பாடு தரையில்.

மரத்தை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டவருக்கு: அவசரமே இல்லை. மேற்கத்தியத் திருச்சபை மரபில் கிறிஸ்துமஸ் காலம் 25-இல்தான் தொடங்குகிறது. ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6 திருக்காட்சி விழா வரை பன்னிரண்டு நாள் உண்டு. மறுநாளே நட்சத்திரத்தைக் கழற்றுவது, பாட்டு முடியும் முன்பே எழுந்து போவது மாதிரி.

வடகோளத்தில் டிசம்பர் 21, 22-க்குப் பிறகு பகல் நீள்கிறது என்றாலும், பல இடங்களில் ஜனவரி தொடக்கம் வரை விடிவது தள்ளிக்கொண்டேதான் போகும். தாமதமாக எழ எங்களுக்கு இது போதும்.

அடுத்த வருடம் எங்காவது போகலாம் என்கிறான் பெரியவன். நாங்கள் இன்னும் பிடிகொடுக்கவில்லை.