ஹாலுக்கு டிவி வாங்கணும், கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ஸ்மார்ட் டிவி பார்க்கிறோம், பட்ஜெட் 35,000 ரூபாய். சோபாவிலிருந்து சுவர் எட்டடி. 43 இன்ச் போதுமா, 50 எடுக்கலாமா?

பெரிய கவலை வெளிச்சம்தான். டிவிக்கு நேர் எதிரே மேற்கு பார்த்த ஜன்னல். சாயங்காலம் நாலு மணிக்கு மேல பழைய டிவியில ஜன்னல் கம்பிதான் தெரியுது, ஆள் முகம் தெரியல. அம்மா சீரியல் பார்க்கிற நேரமே அதுதான். கியூஎல்இடி வகைத் திரைன்னா நிறம் கூடும், சரி. ஆனா இந்தப் பிரதிபலிப்புக்கு எத்தனை நிட்ஸ் (திரையோட வெளிச்ச அளவு) வேணும்? பேனல்லயும், அதாவது திரைத் தட்டுலயும், ரெண்டு வகை சொல்றாங்க: ஐபிஎஸ்னா பக்கவாட்டுல உட்கார்ந்தாலும் நிறம் மங்காது, விஏன்னா கறுப்பு ஆழமா இருக்கும். கடையில கேட்டா எது என்ன பேனல்னே சொல்ல மாட்டேங்குறாங்க.

2 ஜிபி ரேம் டிவியை ரெண்டு வருஷமா ஓட்டுறவங்க, இப்ப திணறுதான்னு அவசியம் சொல்லுங்க. மாடல் பேரோட சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.