காரில் ஹை-ரெஸ் பாட்டும் சுற்றொலியும்: நம்ம ரோட்டுக்கு இது தேவையா?

அதியமான்_44, தருமபுரி:
வணக்கம். வீட்டில் மின்சார எஸ்யூவி எடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஒரே மாடலில் இரண்டு வேரியண்ட் பார்த்து வைத்திருக்கிறோம். கீழே உள்ளதில் 6 ஸ்பீக்கர். மேலே உள்ளதில் 16 ஸ்பீக்கர், டால்பி அட்மோஸ் என்கிற சுற்றொலி. விலை வித்தியாசம் லட்சக்கணக்கில். ஷோரூமில் கதவைச் சாத்தி உட்கார வைத்து ஒரு டெமோ போட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஓட்டப்போவது தினமும் தருமபுரியிலிருந்து ஓசூருக்கு. முன்னும் பின்னும் லாரி போகிற அந்த ரோட்டில் ஹை-ரெஸ், அதாவது சிடியைவிட நுணுக்கமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்பதெல்லாம் காதுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேஆர்பி_கரை, கிருஷ்ணகிரி:
தெரியாது தம்பி. கணக்கைப் போட்டாலே புரிந்துவிடும்.

சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுவது. 44.1-இல் பாதி, அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள எல்லா ஒலியும் அதற்குள் அடங்கிவிடும். இளம் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். 192-க்குப் போவதால் கூடுதலாகக் கிடைப்பது மனிதக் காது வாங்காத பகுதி.

பிட் விஷயமும் அப்படித்தான். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு ஏட்டளவில் 144. நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் போகும் காருக்குள் பொதுவாக 65, 70 டெசிபல் இரைச்சல் இருக்கும். 100-க்கு மேல் பாட்டு வைத்தால் காது போய்விடும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது 30, 35 டெசிபல். 96-ஐ வைக்கவே இடம் இல்லாத இடத்தில் 144-ஐ எங்கே வைப்பது?

2007-இல் மேயர், மொரான் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். உயர்தர வட்டிலிருந்து வரும் ஒலியை அப்படியே ஒரு முறை, நடுவில் 16 பிட், 44.1-க்கு இறக்கி ஒரு முறை, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அதே அளவு வரும். அதுவும் வீட்டிலும் ஸ்டூடியோவிலும் உட்கார்ந்து கேட்டவர்கள். தொப்பூர் கணவாயில் டேங்கர் லாரிக்குப் பின்னால் போனவர்கள் இல்லை.

ஒலிப்பிரியன், ஓசூர்:
அண்ணா, கணக்கு சரி, முடிவு சரியில்லை. 70 டெசிபல் இரைச்சல் என்றால் எல்லா ஒலியும் 70-க்குக் கீழே மூழ்கிப்போகும் என்று அர்த்தமில்லை. டயர் சத்தத்தில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலிகள். வயலினும் பாடுபவரின் குரலும் இருக்கும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் மிகவும் குறைவு. அந்த இடத்தில் மெல்லிய ஒலிகூடக் காதுக்கு எட்டும். மொத்த டெசிபலை ஒரே எண்ணாக வைத்துக் கழிப்பது தவறு.

நீங்கள் 2007-ஐச் சொன்னீர்கள். 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், இதுபோன்ற 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். 12,500-க்கும் மேற்பட்ட கேட்புகள். சரியாகச் சொன்னவை 52.3 சதவீதம். சிறிய வித்தியாசம்தான், ஆனால் தற்செயல் இல்லை. காது பழக்கப்பட்டவர்களிடம் அது 60-ஐத் தாண்டியது.

இன்னொன்று. இது மின்சார வண்டி. சார்ஜ் போட்டுவிட்டு அரை மணி, முக்கால் மணி உள்ளேயே உட்கார்ந்திருப்போம். இன்ஜின் கிடையாது, கண்ணாடி மூடியிருக்கும். அந்த நேரத்தில் பலருடைய வீட்டு ஹாலைவிட அது அமைதியான இடம்.

கேஆர்பி_கரை:
52.3 சதவீதத்துக்கு லட்ச ரூபாயா? பழகிய காது, அமைதியான அறை, நல்ல ஸ்பீக்கர், இவ்வளவும் சேர்ந்து கிடைத்த வித்தியாசம் அது. நிற்கும் காரில் கேட்பது சரி, ஒத்துக்கொள்ள ஒன்றும் தடையில்லை. அங்கேயும் 16 பிட் போதும் என்பதுதான் என் பேச்சு. ஹை-ரெஸ் பாட்டு நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வது, அதைக் கவனமாக மாஸ்டரிங் செய்து, அதாவது கடைசியாக ஒலியைச் சீர்படுத்தி வெளியிடுவதால். அதே கோப்பை சிடி அளவுக்கு இறக்கிக் கேளுங்கள், அந்த நேர்த்தி அப்படியே இருக்கும்.

ஸ்பீக்கர்_வேலை, பாலக்கோடு ரோடு:
நான் கார் ஆடியோ ஃபிட்டிங் தொழிலில் இருப்பவன். இரண்டு பேரும் கோப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கடைக்கு வருபவர்கள் செல்போனில் ஹை-ரெஸ் சந்தா கட்டியிருப்பார்கள், ஆனால் புளூடூத்தில் பாட்டு போடுவார்கள். புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி முறையில் நொடிக்கு 328 கிலோபிட் போகும், அவ்வளவுதான். சிடிக்கே 1411 வேண்டும். எல்டிஏசி என்ற உயர்தர முறை இருந்தால் 990 வரை வரும், ஆனால் போனிலும் செட்டிலும் இரண்டிலும் அது இருக்க வேண்டும், ஐபோனில் கிடையாது. வயர்லெஸ் ஆண்ட்ராய்ட் ஆட்டோ என்றால் பாட்டு வைஃபையில் போகும், அது பரவாயில்லை. பென்டிரைவில் தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பு போட்டுக் கேட்பது எல்லாவற்றையும்விட நிம்மதி. ஒகேனக்கல் ரோட்டில் காட்டுக்குள் போனால் சிக்னலும் தேவைப்படாது.

அப்புறம் கதவு. டோர் பேடைக் கழற்றினால் உள்ளே மெல்லிய தகடு, அதில் பெரிய பெரிய ஓட்டை, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் அந்த ஓட்டை வழியாகச் சேர்ந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். பேஸ் காணாமல் போவது அங்கேதான். வெளித் தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி ரோலர் போட்டு அழுத்தி, உள் ஓட்டைகளை அடைத்து, லாக் ராடுக்கு ஃபோம் சுற்றிவிட்டால், கம்பெனி ஸ்பீக்கரே வேறு மாதிரி பாடும். பாட்டில் ஹோல்டரில் கிடக்கும் சில்லறையை எடுத்தாலே பாதி ரேட்லிங், அந்தக் கடகட சத்தம், போய்விடும்.

மூன்றாவது, தூரம். நம்ம ஊரில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து 90 சென்டிமீட்டர் என்றால் இடது 140 இருக்கும். ஒலி ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர் போகும். ஆக வலது ஸ்பீக்கர் சுமார் ஒன்றரை மில்லிநொடி முந்திக்கொள்கிறது. அதனால்தான் குரல் நடுவில் நிற்காமல் வலது கதவோரம் ஒட்டிக்கொள்ளும். டேப் வைத்து அளந்து, டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்தும் கருவி) வலதுக்கு அந்த ஒன்றரையைத் தாமதமாகக் கொடுத்தால், பாடுபவர் டேஷ்போர்டு நடுவுக்கு வந்துவிடுவார். இதை யார் வேண்டுமானாலும் ஒரே தடவையில் கேட்டுச் சொல்லிவிடலாம், பழகிய காது தேவையில்லை.

மாந்தோப்பு, போச்சம்பள்ளி:
நான் சுற்றொலியையே எதிர்ப்பவன். பாட்டைச் செய்தவர் இரண்டு ஸ்பீக்கருக்கு என்று கலந்து கொடுத்திருக்கிறார். அதைப் பிரித்து 16 இடத்தில் தெளிப்பதற்கு இவர்கள் யார்? என் பெரியப்பா வண்டியில் சரவுண்ட் பட்டனைப் போட்டு 60-களின் பாட்டு ஒன்றைக் கேட்டேன். அந்தக் காலத்துப் பாட்டு மோனோவில், ஒரே தடத்தில், பதிவானது. குரலில் எதிரொலி சேர்ந்து, யாரோ பின் சீட்டில் உட்கார்ந்து பாடுவது போல ஆகிவிட்டது. அந்தக் குரலை அப்படிக் கேட்கவே மனம் வரவில்லை. உடனே அணைக்கச் சொல்லிவிட்டேன்.

ஒலிப்பிரியன்:
நீங்கள் கேட்டது அப்மிக்ஸ், அதாவது இரண்டு தடத்தை வண்டியே ஊகித்துப் பலவாகப் பிரிப்பது. பழைய பாட்டுக்கு அதை அணைத்துவிட வேண்டும், அதில் நான் உங்கள் பக்கம். அட்மோஸ் வேறு. அங்கே பாட்டைக் கலப்பவரே இந்தக் குரல் இங்கே, இந்தப் புல்லாங்குழல் இந்த உயரத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்துக் கொடுக்கிறார். அந்தக் குறிப்பை வண்டியில் இருக்கும் ஸ்பீக்கருக்கு ஏற்ப ஒலிக்க வைக்கிறார்கள். செய்தவர் சொல்லைத்தான் வண்டி கேட்கிறது.

காரைப்போல இதற்குத் தோதான இடமும் கிடையாது. வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரியாது. காரில் நான்கு தலையும் எங்கே இருக்கும் என்று வடிவமைக்கும்போதே தெரியும். முன்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருந்தால் ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் குரல் நடுவிலிருந்தே வரும். ஸ்பீக்கர்_வேலை அண்ணன் சொன்ன ஒன்றரை மில்லிநொடித் தாமதம் ஒரு சீட்டுக்குத்தான் சரியாகும். மற்ற சீட்டுக்காரர்களுக்கு முன்பைவிட மோசமாகும்.

இது நேற்று வந்ததும் இல்லை. 2004 மாடல் அக்யூரா டிஎல் காரிலேயே டிவிடி-ஆடியோ 5.1 சுற்றொலி வந்துவிட்டது. 2024-இல் மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டிலும் 16 ஸ்பீக்கரோடு அட்மோஸ் வந்ததிலிருந்து நம்ம ஆட்களும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

கேஆர்பி_கரை:
இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இணையத்தில் வரும் அட்மோஸ் பாட்டு ஹை-ரெஸ் இல்லை. டால்பி டிஜிட்டல் பிளஸ் முறையில் சுருக்கி அனுப்புகிறார்கள். ஆப்பிள் மியூசிக்கில் அது அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட். சிடியில் பாதிக்குப் பக்கம், அதையும் இத்தனை ஸ்பீக்கருக்குப் பங்கு போட வேண்டும். விளம்பரத்தில் ஹை-ரெஸ், அட்மோஸ் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள். வாங்குபவர் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார்.

ஒலிப்பிரியன்:
உண்மைதான். அப்படிச் சுருக்கி வந்தும் கேட்டவுடன் வித்தியாசம் தெரிகிறதே!

கேஆர்பி_கரை:
அதைத்தானே நானும் சொல்கிறேன். பிட்டில் இல்லை விஷயம்.

கூத்துக்காது, பென்னாகரம்:
நான் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தைப் பதிவு செய்து வைப்பவன். 24 பிட் வீண் என்று யாரும் எழுதிவிடாதீர்கள், பதிவு செய்பவனுக்கு அது உயிர். திரை பிடித்திருக்கும்போது உள்ளேயிருந்து வேஷக்காரர் மெதுவாக விருத்தம் இழுப்பார். திரை விலகியதும் முகவீணையும் மத்தளமும் ஒன்றாக ஏறும். அந்த ஏற்றம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. 24 பிட் இருப்பதால்தான் ரெக்கார்டரை 15, 18 டெசிபல் தாழ்த்தி வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார முடிகிறது. ஒலி முறியாது, மெல்லிய விருத்தத்திலும் இரைச்சல் ஏறாது. பதிவு முடிந்து அளவு சரி செய்த பிறகு கேட்பதற்கு 16 பிட்டில் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் சுற்றொலி விஷயத்தில் மாந்தோப்பு ஐயாவோடு நான் ஒத்துப்போக மாட்டேன். கூத்து நடக்கும் களத்தில் ஜனம் மூன்று பக்கமும் உட்கார்ந்திருக்கும். கட்டியங்காரன் ஒரு வார்த்தை விட்டால் நமக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வரும், பக்கத்தில் ஒரு கிழவி பதில் சொல்லும். ஆர்மோனியமும் பின்பாட்டும் ஆடுகிறவருக்குப் பின்னால் இருக்கும். இதை இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் மேளம், சிரிப்பு, கிழவி எல்லாம் டேஷ்போர்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, பேச்சே புரியாது. பின்னால் இரண்டு மைக் வைத்து எடுத்ததைப் பின் ஸ்பீக்கரில் விட்டுக் கேட்டுப் பாருங்கள், வசனம் தனியாகத் தெளிந்து வரும். சினிமாப் பாட்டை மட்டும் வைத்து இந்த விஷயத்தை முடிவு செய்யக் கூடாது.

மாந்தோப்பு:
கூத்துக்குச் சரி. களத்தில் சுற்றி நடந்ததைச் சுற்றிக் கேட்கிறோம். பாட்டுக்கு என் பேச்சு மாறாது.

அதியமான்_44:
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஸ்பீக்கர்_வேலை அண்ணா, கீழ் வேரியண்ட் எடுத்துவிட்டு உங்களைப் போன்றவர்களிடம் வந்தால் அதே சுற்றொலியைக் கொண்டுவர முடியுமா? வாரண்டி போகாதா?

ஸ்பீக்கர்_வேலை:
நேராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி. நல்ல ஸ்டீரியோ கொண்டுவரலாம். கதவு டேம்பிங், முன்பக்கம் காம்பொனென்ட் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் சின்ன சப்வூபர், டிஎஸ்பி ஆம்ப். ஒரிஜினல் வயரை வெட்டாமல் கப்ளர் போட்டுச் செய்ய வேண்டும். யாராவது வயரை வெட்டி டேப் சுற்றினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆனால் அட்மோஸ் வெளியில் போட முடியாது. அதைப் பிரித்துக் கொடுக்கும் சாஃப்ட்வேர் வண்டியின் செட்டுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது வரும் வண்டிகளில் இண்டிகேட்டர் சத்தம், எச்சரிக்கை மணி எல்லாம் அந்தச் செட் வழியாகத்தான் வரும், அதனால் செட்டையே மாற்றுவதும் நடக்காது. சுற்றொலிதான் ஆசை என்றால் கம்பெனியிலேயே எடுங்கள். ஓட்டும்போது பாட்டு நன்றாக இருந்தால் போதும் என்றால் கீழ் வேரியண்ட் எடுத்து முதலில் கதவுக்குச் செலவு செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் கேட்கிற அளவுக்கு வையுங்கள். தொப்பூர் இறக்கத்தில் ஹாரன் கேட்காமல் ஓட்டுவது உயிர் விஷயம்.

ஒலிப்பிரியன்:
கேஆர்பி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை என் வண்டியைக் கொண்டுவருகிறேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பும் சிடி அளவும் மாற்றி மாற்றிப் போடுங்கள், நான் சொல்கிறேன்.

கேஆர்பி_கரை:
வாருங்கள். ஒரே மாஸ்டரிலிருந்து நானே இறக்கித் தருவேன், வேறு வேறு வெளியீடு கூடாது. இரண்டின் ஒலி அளவும் மீட்டரில் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்ல ஒலி என்று காது நினைத்துக்கொள்ளும். 16 முறை போடுவேன், 12 சரியாக வந்தால் நம்புகிறேன். முதலில் நிறுத்திய வண்டியில், பிறகு காரிமங்கலம், காவேரிப்பட்டினம் நடுவே 80-இல். ஓட்டுவது நான், கேட்பது நீங்கள்.

அதியமான்_44:
நானும் வருகிறேன். பின் சீட்டில் உட்கார்ந்து சுற்றொலியைத் தனியாகக் கேட்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் உட்காரப்போவது அங்கேதான்.