(001) முகம் கூடியும் டைட்டானியா ஏன் மந்தமாக இருக்கிறது?

நாகமலை மாணவி:
வணக்கம். மதுரைப் பக்கம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். வெளிச்சம் பட்டால் சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியாவின் (டைட்டானியம் டை ஆக்சைடு) ஒரு படிக வடிவம் அனடேஸ். அதில் (001) முகம், அதாவது அந்த எண்ணால் குறிக்கப்படும் படிகப் பக்கம், அதிகம் வரட்டும் என்று ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்து, டெஃப்லான் ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலத்தில்) 180 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எடுத்தேன். எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் சதுரச் சதுரமாய்த் தகடுகள், கத்தியால் நறுக்கியது போல. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ்-கதிர் சோதனையிலும், எதிர்பார்த்தபடியே (004) பீக் அகன்று, (200) பீக் ஒடுங்கியே இருக்கிறது. ஆனால் மெத்திலீன் நீலக் கரைசலில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தால், சாதாரணத் தூளைவிட மெதுவாகத்தான் வெளுக்கிறது. சதுர மீட்டருக்குப் பரப்பு ஆற்றல் (101) முகத்துக்கு 0.44, (001)க்கு 0.90 ஜூல் என்று படித்து, ஆற்றல் கூடிய முகம் வேகமாக வேலை செய்யும் என்று நம்பித்தான் இறங்கினேன். சுங்குடிச் சாயத்தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான், இதை விட மனசே இல்லை. எங்கே தப்பு?

பழைய ஆய்வாளர்:
நன்றாகக் கழுவினீர்களாம்மா? அந்த முகத்தை நிலைக்க வைத்ததே அமிலத்திலிருந்து வந்த புளோரின்தான். 2008இல் 47 சதவீதம் (001) முகத்தோடு படிகம் வளர்த்தவர்களும் அதன் துணையோடுதான் வளர்த்தார்கள். வேலை முடிந்த பிறகும் அது மேற்பரப்பை விட்டுப் போகாது. சில சாயங்களுக்கு அது வேகம் கூட்டும், சிலவற்றுக்குத் தடையாகும். அது இருக்கிறவரை முகத்தை எடைபோட முடியாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவுங்கள், இல்லையென்றால் 600 டிகிரியில் சுடுங்கள். 2011இல் சுத்தமான மேற்பரப்பில் அளந்தபோது வந்த வேக வரிசை: முதலில் (010), பிறகு (101), கடைசியில்தான் (001). ஆற்றல் கூடிய முகம் என்றாலே வேகமான முகம் என்று ஆகிவிடாது.
அமிலம் கையாளும்போது கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்திலேயே இருக்கட்டும். பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும்.

திருமங்கலத்துக்காரன்:
அக்கா, ஒரு முகத்தை மட்டும் கூட்டுவதும் சரியில்லை. கற்கண்டைத் திருப்பிப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் பளபளப்பு வேறு. வெளிச்சம் பட்டால் அனடேஸில் எலக்ட்ரான் விடுபட்டு (101) பக்கம் போகும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளை (001) பக்கம் போகும். ஒளியில் பிளாட்டினம் படியவிட்டால் (101)மேல் படியும், ஈய டை ஆக்சைடு (001)மேல். இரண்டு முகமும் அருகருகே இருந்தால்தான் எலக்ட்ரானும் துளையும் மறுபடி சேராமல் பிரிந்து நிற்கும். இதே போல ஒளியில் வேலை செய்யும் பிஸ்மத் வனடேட்டிலும் இதே கதைதான், அங்கே (010)க்கு எலக்ட்ரான், (110)க்குத் துளை.
இன்னொன்று, மெத்திலீன் நீலம் தானே வெளிச்சத்தை உறிஞ்சும். நிறமில்லாத பீனாலை வைத்து, புற ஊதா விளக்கில் பாருங்கள்.

நாகமலை மாணவி:
ரொம்ப நன்றி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் மூன்று தடவை கழுவி உலர வைத்திருக்கிறேன். நோட்டைப் புரட்டியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாதாரணத் தூளை நண்பகல் 12 மணிக்கும் தகட்டுத் தூளை மாலை 4 மணிக்கும் வெயிலில் வைத்திருக்கிறேன். பீனால் கேட்டு எழுதியாயிற்று, இனி விளக்கின் கீழ்தான்.