புதுப்பிப்பு: கிறிஸ்துமஸ் விடுமுறையில் உடன்பிறந்த பிள்ளைகள் ஒரே ஃபாஸ்டர் வீட்டில் (இங்கிலாந்து)

உடன்பிறந்த பிள்ளைகளைப் பிரிக்காமல் ஃபாஸ்டர் செய்வது (பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளைகளை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது) பற்றிய என் முந்தைய இழையில் விடுபட்டவை இவை.

வழக்கமான வரம்பு ஒரு வீட்டுக்கு 3 ஃபாஸ்டர் பிள்ளைகள். எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்றால் 1989 குழந்தைகள் சட்டப்படி அந்த வரம்பு பொருந்தாது. அறைதான் இடிக்கும்: 3 வயதைக் கடந்த பிள்ளைக்குத் தனி அறை வேண்டும், பகிர்வதானால் கவுன்சில் (பிள்ளைகளுக்குப் பொறுப்பான உள்ளாட்சி அமைப்பு) ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பர் நடுவிலேயே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். 25, 26 தேதிகளில் அலுவலகம் மூடியிருக்கும். இரவு நேர அவசர எண்ணைக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டுங்கள்.

மூத்த பிள்ளையைக் கவனியுங்கள். சின்னவர்களுக்குத் தாயாகவே இருந்து பழகிய பிள்ளை அது. "இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அந்தப் பொறுப்பை ஒரே நாளில் பிடுங்கினால் கோபம் வெடிக்கும். குளிப்பாட்டுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்முன் கதை சொல்வதை அந்தப் பிள்ளையிடமே விடுங்கள்.

பரிசுகளின் விலையைவிட எண்ணிக்கை சமமாக இருப்பது முக்கியம், சின்னவர்கள் பொட்டலங்களைத்தான் எண்ணுவார்கள். பெற்றோர் அனுப்பியதைத் தனியாக, அவர்கள் பெயர் சொல்லிக் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் வராமல் போகலாம். முன்பே சமூகப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள்.

பெற்றோர் சந்திப்பைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். அவர்கள் வராவிட்டால் அந்த ஏமாற்றம் பண்டிகை நாளையே விழுங்கிவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

பண்டிகைப் படங்களில் பிள்ளைகளின் முகம் இணையத்தில் வரக்கூடாது, விருந்தினர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.