முதல் நூல்: 300 பிரதி அச்சிடுவதா, மின்னூலில் தொடங்குவதா?

ஒயிட்ஃபீல்டு புதியவர்:
வணக்கம். நான் எழுதிய சிறுகதைகள் ஒரு தொகுப்பாகும் அளவுக்குச் சேர்ந்துள்ளன. பெரும்பாலானவை பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் வெளிவந்தவை. பதிப்பகங்களிடமிருந்து பதில் இல்லாததால் நானே வெளியிட எண்ணுகிறேன். பக்க வடிவமைப்பு, அட்டை, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்), 300 பிரதிகள் அனைத்தையும் ஒரே கட்டணத்தில் முடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. அதை ஏற்கலாமா, முதலில் மின்னூல் போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அல்சூர் வாசகர்:
மின்னூலில் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. எழுத்தாளர் தாமே நூல் வெளியிடுவதற்கான அமேசானின் கேடிபி தளத்தில் தமிழ் மின்னூலை ஏற்றக் கட்டணம் இல்லை. அதற்கு ஐஎஸ்பிஎன்னும் கட்டாயமில்லை. ஒரு பிழை கண்ணில் பட்டால் திருத்திய கோப்பை உடனே மாற்றி ஏற்றலாம். அச்சாகிவிட்ட 300 பிரதிகளில் அது இயலாது. தாளில்தான் வேண்டும் என்போருக்கு, கேட்கும்போது கேட்ட பிரதியை மட்டும் அச்சிட்டு அனுப்பும் சேவைகள் உள்ளன. நம் பெங்களூரின் போத்தி.காம் 2008 முதல் இதைச் செய்துவருகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமத்தொகை (ராயல்டி) பெறக் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் 35 விழுக்காடுதான். சேர்ந்தால், 90 நாள் தவணை முடியும்வரை அந்த மின்னூலை வேறு தளத்தில் இலவசமாகக்கூட வைத்திருக்கக் கூடாது. ஆகவே பிரதிலிபியில் உள்ள கதைகளை முன்னதாகவே நீக்க வேண்டியிருக்கும்.

சிவாஜிநகர் பக்க வடிவமைப்பாளர்:
அல்சூர் நண்பர் தந்த தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். தமிழில் ஒரு சிறுகதைத் தொகுப்பு மதிப்புரை, பரிசு, நூலகம், புத்தகக் காட்சி ஆகியவற்றின் வழியாகவே பேசப்படுகிறது. இவை பெரும்பாலும் தாள் பிரதியையே கேட்கின்றன. பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் பெயர் தெரியாத ஓர் எழுத்தாளரின் நூலை ஒருவர் தற்செயலாக எடுத்துப் புரட்டும் வாய்ப்பு மின்னூலுக்குக் கிடைப்பதில்லை.

ஒற்றைப் பிரதியாக அச்சிட்டால் அடக்கவிலை உயர்ந்துவிடும். அதன்மேல் கடைக்காரருக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழிவாகக் கொடுத்தால் எழுத்தாளருக்கு ஒன்றும் மிஞ்சாது. அச்சுத் தகடு செய்து மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில் அந்தத் தகட்டின் (பிளேட்) செலவு 100 பிரதிக்கும் 500 பிரதிக்கும் ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின் செலவு இறங்கும். பக்கக் கணக்கையும் பாருங்கள்: ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதி, 16 பக்கம். 131 பக்கம் வரும் நூலை 128க்குள் அடக்கினால் சரியாக எட்டு ஃபாரத்தில் முடிந்துவிடும்.

எத்தனை பிரதி என்பதை முன்பதிவைக் கொண்டு முடிவு செய்யுங்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரே நூலை வாங்க ஒப்புக்கொள்வோரின் கையொப்பங்களை முன்கூட்டியே சேர்த்துத்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார்.

அல்சூர் வாசகர்:
ஐயா, ஐயரவர்களிடம் கையொப்பமிட்டவர்கள் அந்தக் காப்பியத்தையும் தமிழையும் மதித்துப் பணம் கொடுத்தவர்கள். புதியவர் ஒருவரின் முதல் தொகுப்புக்கு முன்பதிவு செய்வோர் உறவினரும் அலுவலக நண்பர்களுமே. அவர்கள் வாங்கியபின் அடுத்த பிரதியை யார் வாங்குவார் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. முகமறியாத வாசகர் கதையைப் படிக்கிறாரா என்பதை மின்னூல்தான் முதலில் காட்டும்.

ஹெப்பாள் வழக்கறிஞர்:
நீங்கள் இருவரும் பிரதி எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கட்டணத் திட்டமே உறுத்துகிறது. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமைக்கு எழுத்தாளரே இணையவழி விண்ணப்பிக்கலாம். நிறுவனம் தன் எண்ணைத் தந்தால், பதிப்பாளராகப் பதிவாவது அந்த நிறுவனமே.

அதைவிட முக்கியமானது ஒப்பந்தம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உரிமையை மாற்றித் தரும் ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் "எல்லா வடிவங்களிலும், முழு உரிமைக்காலத்துக்கும்" என்று எழுதியதில் நீங்களே கையெழுத்திட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு உதவாது. நீங்களே பதிப்பாளரானால் ஒரு கடமையும் உண்டு: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் அச்சில் வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி ஆகிய நான்கு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு புதியவர்:
நன்றி. ஒப்பந்த வரைவை எடுத்துப் பார்த்தேன். மின்னூல் உரிமையும் அந்நிறுவனத்துக்கே என்று உள்ளது. மெய்ப்புத் திருத்தம் (அச்சுக்கு முன் பிழை பார்த்துத் திருத்துவது) பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிவாஜிநகர் பக்க வடிவமைப்பாளர்:
அப்படியானால் கையெழுத்திடாதீர்கள். மெய்ப்பு பார்க்காத தொகுப்பை எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது. ஒற்றுப்பிழையும் சொற்பிரிப்புக் குழப்பமும் கதையின் ஓட்டத்தையே தடுக்கும். எழுதியவர் கண்ணுக்கு அவை எளிதில் தென்படுவதில்லை. அதற்கென ஒருவரை அமர்த்திப் பணம் கொடுங்கள். யாரிடம் வடிவமைத்தாலும் யூனிகோடு எழுத்துருவிலேயே வேலை செய்யச் சொல்லி, பிடிஎஃப்போடு மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இன்றும் பலர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் கோக்கிறார்கள். அந்தக் கோப்பு பின்னாளில் மின்னூலுக்குப் பயன்படாது.

அல்சூர் வாசகர்:
மெய்ப்பு பற்றி முழுதும் உடன்படுகிறேன். அச்சுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குக் கொடுங்கள் என்பதே என் வாதமும். மின்னூல் வந்து ஒரு தவணை கழியட்டும். வாசகர் சுட்டும் பிழைகளையும் திருத்தியபின் அச்சைப் பற்றி யோசிக்கலாம்.

சிவாஜிநகர் பக்க வடிவமைப்பாளர்:
இங்கேதான் நான் வேறுபடுகிறேன். மின்னூல் வந்து மாதங்கள் கடந்தபின் தாளில் வரும் தொகுப்பைப் புதிய வரவாக மதிப்புரையாளர் எடுத்துக்கொள்வதில்லை. 300 வேண்டாம் என்பதை ஏற்கிறேன். டிஜிட்டல் அச்சில் 50 பிரதி போடுங்கள், பிளேட் செலவே இல்லை. செலக்ட் திட்டத்தின் கட்டுப்பாடு மின் வடிவத்துக்கு மட்டுமே என்பதால் தாள் பிரதியை அதே வாரத்தில் வெளியிடத் தடையில்லை. அந்த 50இல் நான்கு நூலகங்களுக்குப் போக, இதழ்களுக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் தேவையானதை எடுத்துவைத்துவிட்டு, மீதியை மட்டும் விற்பனைக்குக் கணக்கிடுங்கள்.